சொல்லும் கூலியும்

கதை எழுதுகிறவன் எந்நேரமும் அகராதியும் கையுமாக இருப்பான் என்று வாசகர்கள் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. எழுத எழுதச் சொல் தானாக வர வேண்டும். வராவிட்டால் எழுந்து போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால்தான் அகராதி. என் வீட்டில் அந்தப் பெரிய புஸ்தகம் பெரும்பாலும் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக் கொள்ளாமல் இருப்பதற்கே உபயோகப்பட்டு வந்திருக்கிறது.

சமீபத்தில் அந்தப் புஸ்தகத்தின்மேல் எனக்குப் புதிதாக ஒரு மரியாதை ஏற்பட்டிருக்கிறது, கொஞ்சம் பயமும்தான். காரணம், ஒரு லாரி டிரைவரின் வழக்கு. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய அகராதிகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு சொல்லுக்கு அந்தக் காலத்தில் என்ன பொருள் என்று பார்த்து, அதை வைத்து அந்த மனிதனுக்குத் தீர்ப்புச் சொன்னது. கூலி கொடு என்று கேட்கிறவன் நீதிமன்றத்துக்குள் வரலாமா, வாசலோடு திரும்பிப் போக வேண்டுமா என்பதை ஓர் அகராதி தீர்மானித்தது என்றால், சொல்லை நம்பிப் பிழைக்கிறவன் அதை அலட்சியம் செய்ய முடியுமா?

வழக்கின் பெயர் 'நியூ பிரைம் எதிர் ஒலிவேரா'. நியூ பிரைம் என்பது மிசௌரி மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரைத் தலைமை இடமாகக் கொண்ட பெரிய லாரிக் கம்பெனி. ஒலிவேரா அதில் லாரி ஓட்டியவர். அவர் 2015-ல் நீதிமன்றத்தில் சொன்ன குறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

கம்பெனியில் சேர்ந்ததும் அவரைத் தொழில் பழக அனுப்பினார்கள். அனுபவமுள்ள ஒரு டிரைவரோடு கூடப் போய் 10,000 மைல் சரக்கு ஏற்றிச் சென்றார். அதற்குக் கூலி கிடையாது. சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் 200 டாலர் கொடுத்தார்கள். அதுவும் பிறகு திருப்பித் தர வேண்டிய முன்பணம். அடுத்த படியில் இன்னும் 30,000 மைல் ஓட்டினார். கணக்குப் பார்த்ததில் மணிக்குச் சுமார் 4 டாலர் விழுந்தது. அந்த நாட்டில் 2009 முதல் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பழகும் காலம் முடிந்தது. அப்போது அவருக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டது. 'கம்பெனியின் சம்பளக்காரனாக இருப்பதைவிட, நீயே சொந்தத் தொழில் நடத்துகிறவனாக ஆகிவிட்டால் அதிகம் சம்பாதிக்கலாமே!' என்றார்கள். யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவர் பெயரில் ஒரு சின்னக் கம்பெனி பதிவாயிற்று. லாரியைக் குத்தகைக்கு எடுத்தார். எங்கே? அதே கம்பெனி கை காட்டிய குத்தகை ஸ்தாபனத்தில். சரக்கும் அந்தக் கம்பெனியின் சரக்குத்தான். லாரியின் குத்தகைப் பணம், எண்ணெய்ச் செலவு, இன்னும் இது, அது என்று வாராவாரம் பிடித்தம் நடந்தது. சில வாரங்களில் எல்லாம் கழித்துப் பார்த்தால் கைக்கு ஒன்றும் வரவில்லை என்பது மட்டுமல்ல, அவரே கம்பெனிக்குப் பாக்கி என்று கணக்கு நின்றது.

பிற்பாடு சொந்தத் தொழிலை விட்டுவிட்டு அதே கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். முன்பு முதலாளியாக இருந்து செய்ததற்கும் இப்போது சம்பளக்காரனாகச் செய்ததற்கும் வேலையில் அதிக வித்தியாசம் இல்லை என்றார் அவர். நாவலாசிரியன் கற்பனை செய்தால், 'என்னப்பா, மிகைப்படுத்துகிறாயே!' என்று ஆசிரியர் குழு திருப்பி அனுப்பிவிடும்.

இவர் கூலிக்காக நீதிமன்றத்துக்குப் போனபோது கம்பெனி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டியது. தகராறு எது வந்தாலும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, மத்தியஸ்தரிடமே தீர்த்துக் கொள்வது என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் மதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1925-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. கப்பல் ஊழியர்கள், ரயில்வே ஊழியர்கள், மாகாணம் விட்டு மாகாணம் நடக்கும் வாணிபத்தில் ஈடுபட்ட இதர உழைப்பாளிகள் ஆகியோரின் வேலை ஒப்பந்தங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது.

அப்படியானால் கேள்வி இதுதான்: தனியே தொழில் நடத்துகிறவன் என்று பெயர் சூட்டப்பட்ட ஒருவனோடு செய்த ஒப்பந்தம் 'வேலை ஒப்பந்தம்' ஆகுமா, ஆகாதா?

பதிலைச் சொல்லுவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். லாரித் தொழிலில் ஒரு சொல்லுக்காகச் சண்டை நடந்தது இது முதல் தடவை அல்ல. முதல் சண்டையில் உயிர்கள் போயிருக்கின்றன.

1934-ம் வருஷம். உலகத்தையே ஆட்டி வைத்த பொருளாதார மந்தம் அமெரிக்காவில் இன்னும் தீராத காலம். வடக்கே மினசோட்டா மாகாணத்தில் மினியாபொலிஸ் என்று ஒரு பெரிய நகரம். சுற்றிலும் கோதுமை விளையும் நாடு. குளிர்காலத்தில் எலும்பைத் துளைக்கும் பனி. அந்த ஊர் முதலாளிகள் 'பிரஜைகள் கூட்டணி' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தாங்கள் சங்கம் வைத்துக் கொண்டு, தொழிலாளிகள் சங்கம் வைக்காமல் பார்த்துக் கொள்ளுவது அந்தச் சங்கத்தின் முக்கியமான வேலை! பல வருஷங்கள் அதில் வெற்றியும் பெற்றார்கள். லாரி ஓட்டுகிறவர்கள் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 90 மணி வரை உழைத்தார்கள். வாரக் கூலி 18 டாலரைத் தாண்டுவது அபூர்வம்.

அங்கே டீம்ஸ்டர்கள் சங்கத்தின் 574-ம் எண் கிளை இருந்தது. டீம்ஸ்டர் என்றால் ஒரே வண்டியில் பூட்டிய குதிரைகளை ஓட்டுகிறவன் என்று பொருள். குதிரை வண்டி போய் லாரி வந்த பிறகும் சங்கத்தின் பெயர் மாறவில்லை. அதன் சின்னத்தில் இன்றும் இரண்டு குதிரைத் தலைகள் இருக்கின்றன. 1934 பிப்ரவரியில், ஊர் முழுவதும் கரி அடுப்பை நம்பி உயிர் வாழும் கடுங்குளிரில், கரிக் கிடங்குத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து மூன்றே நாளில் ஜெயித்தார்கள். டன் சகோதரர்கள் மூவரும் ஸ்கோக்லுண்டும் அதை நடத்தியவர்கள். அவர்களோடு சேர்ந்தார் கரிக் கிடங்கில் வேலை செய்த ஃபாரெல் டாப்ஸ் என்ற இளைஞர். வயது 26. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பழமைக் கட்சிக்காரரான ஹூவருக்கு வாக்களித்தவர் அவர்! பசி எப்பேர்ப்பட்ட ஆசிரியன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சங்கம் செய்த ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். கரிக் கிடங்குகளில் தன் சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். 'லாரி வைத்திருக்கிறவன் முதலாளி. அவனுக்குச் சங்கத்தில் என்ன வேலை?' என்று தள்ளிவிடவில்லை. பத்து லாரி வைத்துப் பத்து ஆளை ஓட்டச் சொல்லுகிறவன் வேறு, ஒரு லாரியைத் தானே ஓட்டித் தானே பாரம் இறக்குகிறவன் வேறு என்று பார்த்து, இரண்டாமவனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக் கொண்டார்கள். எண்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வரப் போகும் வழக்குக்கு அந்தக் கரிக் கிடங்கு வாசலிலேயே ஒரு பதில் எழுதப்பட்டுவிட்டது.

மே மாதம் நகரம் முழுவதும் லாரிகள் நின்றன. தெருச் சண்டைகள் நடந்தன. முதலாளிகள் பக்கத்தில் தடியேந்தி வந்த விசேஷப் போலீஸில் இருவர் இறந்தார்கள். மாதக் கடைசியில் சமரசம் ஏற்பட்டது. அந்தச் சமரசப் பத்திரத்தில்தான் வினை ஒளிந்திருந்தது. 'தொழிலாளிகள்' என்றால் யார் என்பதற்கு அதில் விளக்கம் எழுதினார்கள். டிரைவர்கள், உதவியாளர்கள், வழக்கமாக லாரி வேலையில் ஈடுபட்ட ஏனையோர் என்று எழுதி வைத்தார்கள்.

இந்த ஏனையோர் யார்? காய்கறி மண்டிக்குள் மூட்டை அடுக்குகிறவனும் பெட்டி கட்டுகிறவனும் அதில் சேர்ந்தவர்களே என்றது சங்கம். அவர்கள் உள்ளே இருப்பவர்கள், லாரிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள் முதலாளிகள். ஒரே வாக்கியத்தை இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் படித்தன. ஜூலை மாதம் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தது.

ஜூலை 20, வெள்ளிக்கிழமை. போலீஸ் காவலுடன் ஒரு லாரி மண்டிப் பகுதியிலிருந்து புறப்பட்டது. அதை மறிக்கத் தொழிலாளிகள் ஒரு திறந்த லாரியில் வந்தார்கள். போலீஸார் சுட்டார்கள். ஏறக்குறைய 67 பேர் காயமடைந்தார்கள். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். ஹென்றி நெஸ், ஜான் பெலோர் என்ற இருவர் இறந்தார்கள். நெஸ்ஸின் சவ ஊர்வலத்தில் பல்லாயிரம் ஜனங்கள் நடந்தார்கள். கவர்னர் ஃபிளாய்ட் ஓல்சன் ராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டபோது, 22 மண்டிகளில் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் சங்கம் பேசலாம் என்று முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். 'ஏனையோர்' என்ற சொல்லுக்கு ஒருவழியாகப் பொருள் கிடைத்தது. கொடுத்த விலையைத்தான் பார்த்தீர்களே!

ஊருக்குள் ஓடும் லாரியின் கதை இது. ஊர் விட்டு ஊர், மாகாணம் விட்டு மாகாணம் போகும் லாரியின் கதை வேறு. அந்த டிரைவர் முதலாளியின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான். அவன் ஓட்டுகிறானா, மரத்தடியில் தூங்குகிறானா என்று பார்க்க மேஸ்திரி கிடையாது. ஆகவே மணிக்குக் கூலி என்பதை விட்டு மைலுக்குக் கூலி என்று வைத்தார்கள். சாலையே மேஸ்திரி ஆகிவிட்டது. ஓடினால் காசு, நின்றால் இல்லை.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால் லாரி நிற்பது டிரைவரின் இஷ்டத்தால் மட்டுமா? பனி பெய்கிறது, நிற்கிறது. டயர் வெடிக்கிறது, நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிடங்கு வாசலில் பாரம் ஏற்றவும் இறக்கவும் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறது. டாப்ஸ் 1938-ல் மத்தியப் பிரதேச மாகாணங்கள் பலவற்றுக்கும் சேர்த்து நெடுஞ்சாலை டிரைவர்களுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். சங்க ஒப்பந்தங்களில் வேரூன்றிய தத்துவத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: சக்கரம் சுழன்றால் மைலுக்குக் கூலி, நின்றால் மணிக்குக் கூலி.

அதே 1938-ல் அமெரிக்க சர்க்கார் தொழிலாளிகளுக்கென்று பெரிய சட்டம் ஒன்று கொண்டுவந்தது. குறைந்தபட்சக் கூலி, குறித்த மணிக்குமேல் வேலை வாங்கினால் ஒன்றரைப் பங்குக் கூலி என்று அதில் இருந்தது. ஆனால் மாகாணம் விட்டு மாகாணம் போகும் லாரி டிரைவர்களுக்கு அந்த ஒன்றரைப் பங்கு கிடையாது. காரணம், 1935-ல் வந்த லாரிச் சட்டப்படி அவர்கள் எத்தனை மணி ஓட்டலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் வேறொரு கமிஷனிடம் ஏற்கெனவே இருந்தது. நேரத்துக்கு எல்லை வைத்தார்கள்; நேரத்துக்கு விலை வைக்கவில்லை. அந்த விலக்கு இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

டாப்ஸிடம் அமைப்பு வேலையின் சூட்சுமத்தைக் கற்றவர்களில் ஒருவர் ஜிம்மி ஹாஃபா. குருவும் சிஷ்யனும் கொள்கையில் எதிரும் புதிரும். டாப்ஸ் சோஷலிஸ்டு, அரசாங்கத்தைக் கவிழ்க்க வேண்டும் என்று பிரசாரம் செய்யச் சதி செய்ததாக 1941-ல் தண்டனை பெற்றுச் சிறை சென்றவர். ஹாஃபாவும் சிறை சென்றார். அது லஞ்சத்துக்கும் மோசடிக்கும். 1975-ல் காணாமலே போனார். ஆனால் 1964 ஜனவரியில் அவர் கையெழுத்து வாங்கிய தேசிய லாரிச் சரக்கு ஒப்பந்தம் 4 லட்சம் டிரைவர்களுக்கு மேற்பட்டவர்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. லாரி ஓட்டி வீடு வாங்கலாம், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்ற நிலைமை உண்டாயிற்று. மனிதர்கள் நாம் விரும்புகிறபடி நல்லவர்கள், கெட்டவர்கள் என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை. சரித்திரம் கதையாசிரியனுக்குக் கற்றுக் கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

இந்த ஏற்பாடு 1980 ஜூலை 1-ந் தேதி சரியத் தொடங்கியது. அன்று ஜனாதிபதி கார்ட்டர் புதிய லாரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு லாரிக் கம்பெனி ஆரம்பிக்க வேண்டுமானால் கமிஷனின் அனுமதி வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தச் சரக்கு என்றுகூட அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும். சரக்குக் கட்டணத்தைக் கம்பெனிகள் கூடிப் பேசி வைத்துக் கொள்ளலாம். போகும்போது பாரம், வரும்போது காலி வண்டி என்று லாரிகள் ஓடிய விசித்திரமும் உண்டு. இதை மாற்ற வேண்டும் என்று வாதாடியவர்கள் கொடியவர்கள் அல்ல. செனட்டர் எட்வர்டு கென்னடி போன்றவர்கள், சாதாரண ஜனங்கள் வாங்கும் பண்டத்தின் விலை குறையட்டும் என்றே விரும்பினார்கள். குறையவும் குறைந்தது. ஆனால் போட்டியில் விலை குறையும்போது அந்தக் குறைவை யாராவது ஒருவர் தோளில் தாங்க வேண்டும் அல்லவா? பத்தே வருஷத்தில் லாரிக் கம்பெனிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. புதியவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சங்கம் இல்லை. 'நின்றால் மணிக்கு' என்ற பாதி வாக்கியம் மெதுவாக அழிந்து, 'சுழன்றால் மைலுக்கு' என்ற பாதி மட்டும் மிஞ்சியது.

தாமே லாரி ஓட்டிப் பிழைத்து, பிற்பாடு பொருளாதாரப் பேராசிரியரான மைக்கேல் பெல்சர் 2000-ம் வருஷத்தில் ஒரு நூல் எழுதினார். இரத்தத்தை வேர்வையாக்கும் பட்டறைகளுக்குச் சக்கரம் பூட்டியது போன்றவை இந்த லாரிகள் என்பது அதன் தலைப்பின் கருத்து. 1980-க்குப் பிறகு டிரைவரின் உண்மையான வருமானம் எப்படிச் சரிந்தது என்பதை அவர் கணக்கோடு காட்டினார்.

மைல் என்ற சொல்லிலும் ஒரு சூது உண்டு. பல கம்பெனிகள் லாரியின் கடிகாரம் காட்டும் மைலுக்குக் கூலி கொடுப்பதில்லை. வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனிகளுக்காக முன்னொரு காலத்தில் அச்சிட்ட அட்டவணையை வைத்துக் கொண்டு, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைல் என்று கணக்கிட்டார்கள். லாரி உண்மையில் ஓடும் தூரத்தைவிட அது பெரும்பாலும் குறைவு. மிச்ச மைல்களை டிரைவர் தர்மத்துக்கு ஓட்டினார்.

காத்திருப்பதன் விலையைச் சர்க்காரே ஒரு தடவை கணக்கிட்டுப் பார்த்தது. அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் தணிக்கை அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை அது. கிடங்கு வாசலில் அளவுக்கு மீறிக் காக்க வைப்பதால், முழு லாரிப் பாரம் ஏற்றும் டிரைவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 1,281 டாலரிலிருந்து 1,534 டாலர் வரை இழப்பதாக அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிடங்கில் சராசரியாக 15 நிமிஷம் கூடுதலாகக் காத்திருந்தால், விபத்து நேரும் விகிதம் 6.2 சதவீதம் உயருமாம். ஏன் என்பது எளிதில் விளங்கும். பத்து மணி ஓய்வுக்குப் பிறகு வேலை தொடங்கிய டிரைவர் 14 மணிக்குள் ஓட்டுவதை முடிக்க வேண்டும். அதில் 11 மணிதான் ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லாரிகளில் மின்கருவி இதைக் குறித்துக்கொண்டே வருகிறது. கிடங்கில் ஐந்து மணி போய்விட்டால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. கூலி மட்டும் நிற்கிறது. மிச்சமுள்ள நேரத்தில் விட்ட மைலைப் பிடிக்கக் கால் தானாக அழுத்தாதா?

இப்படிப்பட்ட உத்தியோகத்தில் யார் நிலைப்பார்கள்? 2010-ஐ அடுத்த வருஷங்களில் பெரிய லாரிக் கம்பெனிகளில் ஆள் மாறும் விகிதம் பல சமயம் வருஷத்துக்கு 90 சதவீதத்தை எட்டியது. நூறு நாற்காலி போட்டு வைத்தால் வருஷ முடிவுக்குள் தொண்ணூறு பேர் எழுந்து போய்விட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்களேன். 2023 மே மாதக் கணக்கில் கனரக லாரி டிரைவரின் நடுவாந்திர வருமானம் 54,320 டாலர் என்று சர்க்கார் புள்ளிவிவரம் சொல்லியது. பார்க்க நல்ல தொகைதான். ஆனால் அந்தக் கணக்கு சம்பளக்காரர்களை மட்டும் எண்ணியது. சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அதில் இல்லை. சொல் மாறினால் கூலி மட்டுமல்ல, மனிதனே கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் இன்னும் ஓர் இரவைச் சொல்லிவிட வேண்டும். 2009 ஜனவரி. இல்லினாய் மாகாணத்து நெடுஞ்சாலை. டிரான்ஸ்ஆம் என்ற கம்பெனியின் லாரி ஒன்று சாலையோரத்தில் நின்றது. பின்னால் பூட்டிய சரக்குப் பெட்டியின் பிரேக் குளிரில் உறைந்துவிட்டது. முன் பகுதியில் சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை. பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிய குளிர். டிரைவர் கம்பெனிக்குத் தகவல் சொன்னார். பழுது பார்க்க ஆள் வரும், காத்திரு என்றார்கள். மணிக்கணக்கில் காத்திருந்தார். உடம்பு மரத்துப் போயிற்று, பேச்சுக் குழறியது. ஒன்று அங்கேயே இரு, அல்லது பெட்டியையும் இழுத்துக் கொண்டு போ என்றார் மேலாளர். பிரேக் உறைந்த பெட்டியை நெடுஞ்சாலையில் இழுத்துப் போனால் யார் உயிருக்கு ஆபத்து என்று யாருக்குத் தெரியும்? பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு, லாரியின் முன்பகுதியை மட்டும் ஓட்டிக் கொண்டு அவர் கதகதப்பைத் தேடிப் போனார். பழுது பார்ப்பவர் வந்ததும் திரும்பி வந்தார். பெட்டியைக் கைவிட்டதற்காக வேலை போயிற்று.

அபாயமான நிலையில் வண்டியை 'ஓட்ட மறுத்த' தொழிலாளியை வேலை நீக்கம் செய்யக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. 2016-ல் மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் டிரைவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மூன்றாமவர் நீல் கோர்சச். அவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பார்த்து, ஓட்டுவது என்றால் வண்டியை இயங்கச் செய்வது; இவர் இயக்கித்தானே போனார், மறுக்கவில்லையே என்று மாறுபட்டு எழுதினார். கம்பெனி செய்தது கருணையான காரியமா என்று கேட்கலாம். ஆனால் அது தம் வேலை அல்ல என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பது பற்றி விசாரித்த செனட் கமிட்டியில், இந்த வாதம் அபத்தம் என்று அவரை மடக்கியவர் செனட்டர் ஆல் ஃப்ராங்கன். எந்த மாகாணத்துக்காரர் தெரியுமா? மினசோட்டா!

கோர்சச் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஒலிவேராவின் வழக்கு வந்தது. 2019 ஜனவரி 15-ந் தேதி தீர்ப்பை எழுதிப் படித்தவர் அவரேதான்.

கம்பெனியின் வாதம் பலமற்றது அல்ல. இந்தக் காலத்து வழக்கில் 'வேலை ஒப்பந்தம்' என்றால் முதலாளிக்கும் சம்பளக்காரனுக்கும் உள்ள ஒப்பந்தம். தனித் தொழில் செய்கிறவன் அதில் வரமாட்டான். சரி, ஆனால் சட்டம் எழுதியது 1925-ல் அல்லவா என்று கேட்டார் கோர்சச். அந்தக் காலத்து அகராதிகளில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உழைப்பு, செய்யும் காரியம் என்பதுதான் பொருள். அதோடு சட்டம் எழுதியவர்கள் விதிவிலக்கில் 'ஊழியர்' என்று மட்டும் சொல்லாமல் 'உழைப்பாளிகள்' என்ற அகலமான சொல்லையும் போட்டிருக்கிறார்கள். ஆகவே உழைப்பதற்குச் செய்துகொண்ட எந்த ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தமே. ஒலிவேராவை மத்தியஸ்தரிடம் போகும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கைக் கேட்ட 8 நீதிபதிகளும் ஒரே அபிப்பிராயம்.

குளிரில் உறைந்த டிரைவரைக் கைவிட்ட அதே அகராதி, குத்தகை லாரி டிரைவரைக் கைதூக்கி விட்டது. நீதிபதியை ஒருதலைப்பட்சம் என்று சொல்ல இடமில்லை. இரண்டு தடவையும் அவர் ஒரே முறையைத்தான் கையாண்டார். எனக்குத் தோன்றுவது வேறு. சொல்லின் பொருளை நிறுத்துப் பார்க்கும் தராசில் குளிரின் கனம் ஏறுவதில்லை, பசியின் கனமும் ஏறுவதில்லை. தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பது பழைய புஸ்தகத்தில் எவரோ எழுதி வைத்த ஒரு வரியைப் பொறுத்து நின்றுவிடுகிறது.

கதவு திறந்தது, உள்ளே போய் என்ன கிடைத்தது? ஒலிவேரா சம்பளக்காரரா, முதலாளியா என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதன் முன் இல்லை. வழக்கு 2020-ல் சமரசத்துக்கு வந்தது. கம்பெனி 280 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. பங்கு பெற வேண்டிய டிரைவர்கள் ஏறக்குறைய 40,000 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 700 டாலர். அதிலும் வக்கீல் கூலி போக மிச்சந்தான்.

லாரியைக் குத்தகைக்குக் கொடுத்து டிரைவரைக் கடனாளியாக்கும் வழக்கத்தைப் பற்றி ஆராய அமெரிக்க சர்க்கார் நியமித்த குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. டிரைவர் ஓட்டிக்கொண்டே லாரியைச் சொந்தமாக்கிக் கொள்ளலாம் என்று ஆசை காட்டும் அந்த ஏற்பாட்டையே தடை செய்யலாம் என்பது அதன் சிபாரிசு. சிபாரிசு என்பது சட்டம் அல்ல. அதற்கும் ஓர் அகராதி வேண்டியதில்லை.

சங்கம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. 1924-ல் பிறந்து, சங்க டிரைவர்களை வைத்தே நடந்து வந்த எல்லோ என்ற பெரும் கம்பெனி 2023 ஆகஸ்டில் திவாலாயிற்று. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. ஒப்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கம்பெனி நின்றால்தான் அதற்குப் பொருள்.

ஆனாலும் மினியாபொலிஸ் கரிக் கிடங்கில் நின்ற அந்த மனிதர்களை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் அகராதியைப் புரட்டவில்லை. எதிரே நிற்கிறவன் கையைப் பார்த்தார்கள். கையில் கரி ஒட்டியிருந்தால் அவன் உழைப்பாளி. அவன் சட்டைப் பையில் லாரியின் பத்திரம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் எட்டிப் பிடிக்க எண்பத்தைந்து வருஷம் ஆன இடம் அது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகு, ஜன்னலோரத்தில் இருந்த என்னுடைய அகராதியை எடுத்துத் தூசி தட்டினேன். நம் மொழியில் 'வேலை' என்ற சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். தொழில் என்று இருந்தது, எதிர்பார்த்ததுதான். அதன் கீழே இன்னொரு 'வேலை' இருந்தது, வடமொழியிலிருந்து வந்தது. கடல், கடற்கரை என்று அதற்குப் பொருள்கள். அவற்றோடு இன்னொன்றும் போட்டிருந்தது: காலம், பொழுது.

கிடங்கு வாசலில் சக்கரம் நின்ற லாரிக்குள் உட்கார்ந்து காத்திருக்கும் மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை எந்த நீதிபதியும் கண்டுபிடித்துவிட முடியாது. அவனுடைய பொழுது போகிறது. ஆகவே அவன் வேலையில் இருக்கிறான். அந்தப் பொழுதுக்கு யார் கூலி கொடுப்பது என்பதுதான் 1934 முதல் இன்றுவரை தீராத வழக்கு. ஜன்னல் கதவுக்கு இனிமேல் வேறு ஏதாவது ஒரு கட்டையைத் தேட வேண்டும்.